குடியம் குகைக்குப் போன சைக்கிள்

எங்கள் வீட்டில் ஸ்கூட்டர் ஒன்று. வேலைக்குப் போகிறவர்கள் இரண்டு பேர். நான் திருவள்ளூர் மணவாள நகரிலிருந்து கிழக்கே, காக்களூர் தொழிற்பேட்டைக்குப் போகவேண்டும். என் மனைவி ரம்யா மேற்கே, கடம்பத்தூரைத் தாண்டிப் போகவேண்டும். ஸ்கூட்டரை இரண்டாக வெட்ட முடியாது என்ற ஒரே காரணத்துக்காகப் பதினொரு வருடம் அதை நானே ஓட்டிவந்தேன். ரம்யா ஷேர் ஆட்டோவில் போய்வந்தாள். எட்டுப் பேர் ஏறும்வரை அந்த ஆட்டோ நகராது. ஒன்பதாவது ஆள் தொற்றிக்கொண்டால்தான் அதற்கு உற்சாகமே வரும்.

இந்த அருமையான ஏற்பாட்டைக் கெடுத்தவர் டாக்டர். என் ரத்தத்தில் சர்க்கரை ஏறிவிட்டதாம். தினமும் நடக்கவேண்டுமாம், அல்லது சைக்கிள் மிதிக்கவேண்டுமாம். அவர் பேசி முடிக்கும் முன்பே ரம்யாவின் முகத்தில் விளக்கு எரிந்தது. வெளியே வந்து செருப்பு மாட்டும்போதே சொல்லிவிட்டாள்.

"காக்களூரு அஞ்சே கிலோமீட்டரு. நீங்க சைக்கிள்ல போங்க. ஸ்கூட்டரு எனக்கு."

ஆபத்து வந்தால் மட்டும் என் மூளை வேலை செய்யும். அன்றும் செய்தது.

"சமதரையில அஞ்சு கிலோமீட்டர் மிதிச்சா சர்க்கரை நம்மளப் பாத்து சிரிக்கும் ரம்யா. மலை ஏறணும். கல்லுல மிதிக்கணும். கியர் சைக்கிள் ஒண்ணு எடுத்துடறேன். ஞாயித்துக்கிழமையானா குடியம் குகைக்குப் போய்ட்டு வரேன். ஒரு வாரத்துக்கு அது தாங்கும்."

குடியம் குகையைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். பூண்டி ஏரியைத் தாண்டி, காட்டுக்குள், கூழாங்கற்களைப் பதித்து வைத்தாற்போன்ற ஒரு செம்பாறையில் அது இருக்கிறது. கற்கால மனிதர்கள் அங்கே ஒதுங்கி வாழ்ந்தார்கள் என்கிறார்கள். எங்கள் வீட்டிலிருந்து போக ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர், வர முப்பது. வழியில் திருப்பாச்சூர் கோயில், பூண்டி அணை, அதன் பக்கத்தில் கற்கருவிகளை வைத்திருக்கும் அகழ்வைப்பகம், அந்தக் கருவிகள் கிடைத்த அதிரம்பாக்கம் எல்லாம் வரும். கியர் சைக்கிள்காரர்களுக்கு இதைவிட நல்ல பாதை கிடையாது என்று கேள்விப்பட்டிருந்தேன். கேள்விப்பட்டதோடு நிறுத்திக்கொள்வதுதான் என் திட்டம்.

ரம்யா யோசித்தாள். பிறகு நிபந்தனை போட்டாள். நான்கு ஞாயிறு. நான்கிலும் நான் மிதித்தால் ஸ்கூட்டர் எனக்கே. ஒன்றில் டபாய்த்தாலும் சாவி அவள் கைக்குப் போய்விடும். நான் பெருந்தன்மையாகச் சம்மதித்தேன். ஏனென்றால் எனக்கு லோகு இருந்தான்.

லோகு இரண்டு தெரு தள்ளித் தண்ணீர் கேன் வியாபாரம் செய்பவன். ஞாயிறு காலையில் தன் லோடு ஆட்டோவில் பூண்டிப் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் கேன் போடப் போவான். முதல் ஞாயிறு ஐந்தரை மணிக்கு நான் கம்பீரமாகச் சைக்கிளில் கிளம்பினேன். ரம்யா வாசலில் நின்று பார்த்தாள். லோகுவின் கொட்டகை வரை மிதித்தேன். சைக்கிளும் என் செல்போனும் கேன்களுடன் குடியத்துக்குப் போயின. நான் கொட்டகை பெஞ்சில் தூங்கினேன்.

ஒன்பதரைக்கு வீடு திரும்பி, லோகு எடுத்த படங்களைக் காட்டினேன். கோயிலுக்கு முன்னால் சைக்கிள். அணைக்கு முன்னால் சைக்கிள். குகைக்கு முன்னால் சைக்கிள்.

"சைக்கிளு படத்துல நல்லா விழுந்துகீது. நீங்க எங்க?" என்று கேட்டாள் ரம்யா.

காட்டில் என்னைப் படம் பிடிக்க யார் இருக்கிறார்கள் என்றேன். செல்ஃபி எடுக்கக் கை இல்லையா என்று அவள் கேட்கவில்லை. கேட்காமலே அது என் காதில் விழுந்தது.

ரம்யாவின் வேலையை இங்கே சொல்லிவிட வேண்டும். வண்டி பிரேக்குக்கான பாகங்கள் செய்கிற கம்பெனியில் அவள் தரம் பார்ப்பவள். மற்றவர்கள் கண்ணில் படாத விரிசல் அவள் கண்ணுக்குக் கைகூப்பி வணக்கம் சொல்லும்.

இரண்டாம் ஞாயிறு தூக்கத்தைத் தியாகம் செய்தேன். லோகு பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு போய், வண்டி நுழையாத கடைசித் தூரத்துக்கு மட்டும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்து, குகை வாசலில் நானே நின்று படம் எடுத்துக்கொண்டேன். ரம்யா அந்தப் படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கினாள்.

"முப்பது கிலோமீட்டரு மிதிச்ச ஆளு. வகுடு கூட கலையல."

"ஹெல்மெட் போட்டிருந்தேன்."

"போட்டா இன்னும்ல கலையும்."

மூன்றாம் ஞாயிறு நானே தலையைக் கலைத்துக்கொண்டேன். சட்டையில் ஒரு பாட்டில் தண்ணீரை ஊற்றிக்கொண்டேன். கொட்டகைக்குப் பின்னால் இருந்த சேற்றை அள்ளி டயர்களில் பூசினேன். ஒரு கலைஞனின் திருப்தியுடன் வீட்டுக்குள் நுழைந்தேன். ரம்யா என் தலையையும் பார்க்கவில்லை, சட்டையையும் பார்க்கவில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு சைக்கிளின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

புது டயரில் சின்னச் சின்ன ரப்பர் முடிகள் நீட்டிக்கொண்டிருக்கும். பார்த்திருப்பீர்கள். ஓட ஓட அவை தேய்ந்து உதிர்ந்துவிடும்.

"நூத்தி எம்பது கிலோமீட்டரு ஓடின டயரு. மீசை அப்டியே கீது" என்றாள். "குடியத்துல செம்மண்ணுன்னு சொன்னீங்க. இது இன்னா, கறுப்பா?"

டயர் கெட்டி ரப்பர் என்றேன். மண் கறுத்ததற்குக் காரணம் மழை என்றேன். திருவள்ளூர் மாவட்டத்தில் ஒரு மாதமாக மழை இல்லை.

ரம்யா சண்டை போடவில்லை. கைப்பையிலிருந்து மஞ்சள் ஸ்டிக்கர் ஒன்றை எடுத்து ஹேண்டில்பாரில் ஒட்டினாள். அவர்கள் கம்பெனியில் தேறிய பொருளுக்குப் பச்சை, கழித்த பொருளுக்குச் சிவப்பு. மஞ்சள் என்றால் சந்தேகம். நிரூபணம் ஆகும்வரை ஓரமாக வைத்திரு என்று அர்த்தம். சிவப்பு இல்லையே என்று நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

நான்காம் ஞாயிறு வந்தது. இதைத் தாண்டிவிட்டால் சாவி எனக்கு நிரந்தரம். லோகு வழக்கமான இடத்தில் இறக்கிவிட்டான். நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு குகைக்குப் போய், களைத்தவன் மாதிரி முகத்தை வைத்துப் படம் எடுத்துக்கொண்டு திரும்பினேன். வண்டி இருந்த இடத்தில் டயர் தடம்தான் இருந்தது. போன் போட்டேன்.

"ண்ணா, பெரியபாளையத்துல கல்யாணம். இருவது கேன் அர்ஜென்ட்டுன்னுட்டாங்க. நான் போய்க்கினே கீறேன்."

"டேய், நான் எப்படிடா வர்றது?"

"இன்னாண்ணா பேஜாரு பண்ற. உன்னாண்டதான் சைக்கிள் கீதே."

இந்த நேரத்தில் அங்கே பஸ் வராது என்பதையும் அவனே அக்கறையாகச் சொல்லிவிட்டு வைத்தான்.

ஏறி உட்கார்ந்தேன். அந்தச் சைக்கிளில் இருபத்தோரு கியர். எது ஏற்றத்துக்கு, எது இறக்கத்துக்கு என்று எனக்குத் தெரியாது. முதல் கிலோமீட்டரில் எல்லாவற்றையும் தப்பான இடத்தில் போட்டுப் பார்த்தேன். கூழாங்கல் ஒவ்வொன்றும் என் முதுகெலும்பில் வந்து பேர் சொன்னது. முள் சட்டையைப் பிடித்து நிறுத்தியது. இரண்டு முறை விழுந்தேன். ஒரு முறை சைக்கிள் என்மேல், ஒரு முறை நான் சைக்கிள்மேல். பாதையோரத்தில் நின்ற ஓர் ஆட்டுக்கு இரண்டும் சமம். மேய்ந்தபடியே இரண்டையும் பார்த்தது.

அதிரம்பாக்கத்தில் ஒரு வேப்பமரத்தடியில் நின்றேன். இங்கே கிடைத்த கைக்கோடாரிகள் பதினைந்து லட்சம் வருடப் பழமை என்கிறார்கள். அந்த மனிதனுக்கும் எங்கேயோ போகவேண்டியிருந்திருக்கும். ஸ்கூட்டர் இல்லாமல் எப்படிச் சமாளித்தானோ என்று நினைத்தேன். அவனுக்காகக் கொஞ்சம் வருத்தப்பட்டேன். பிறகு எனக்காக நிறைய.

ஆனால் பூண்டி அணைக்கு வந்தபோது ஒரு விஷயம் நடந்தது. சரியான கியர் தற்செயலாக விழுந்துவிட்டது. சைக்கிள் சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போயிற்று. ஒரு பக்கம் தண்ணீர், முகத்தில் காற்று. அகழ்வைப்பகம் தானாகப் பின்னால் போனது. நான் சிரித்துக்கொண்டே போனேன் என்று நினைக்கிறேன். எதிரே வந்த பால்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். திருப்பாச்சூர் கோபுரம் தெரிந்தபோது, நாற்பத்து நான்கு வயதில் இந்த மாவட்டத்தில் இதைச் செய்தவன் வேறு எவனாவது உண்டா என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

வீடு சேரும்போது பதினொன்றரை. காதுவரை செம்மண். ரம்யா கதவைத் திறந்தாள். ஒரே பார்வைதான். டார்ச் தேவைப்படவில்லை. ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து கொடுத்தாள். நின்றுகொண்டே குடித்தேன், உட்கார என் உடம்பு ஒப்புக்கொள்ளவில்லை.

"போன மூணு வாரத்தவிட இன்னிக்கு ரோடு ரொம்ப மோசமோ?" என்று கேட்டாள். பதினொரு வருடத்தில் இவ்வளவு அன்பான குரலை நான் கேட்டதில்லை.

ஆமாம் என்று சொல்லிவிட்டு மோரைக் குடித்திருக்கவேண்டும். ஆனால் முப்பது கிலோமீட்டர் மிதித்துவந்த மனிதனைக் கொண்டுபோய், லோடு ஆட்டோவில் போனவனோடு ஒப்பிடலாமா?

"மூணு வாரமா? அதெல்லாம் ஒரு சவாரியா ரம்யா? லோகு வண்டியில கால நீட்டிக்கினு போனது. இன்னிக்குத்தான் மிதிச்சேன். ஒவ்வொரு கல்லா மிதிச்சேன்."

சொம்பை இறக்கிப் பார்த்தேன். ரம்யாவின் கை என் முன்னால் நீண்டிருந்தது. உள்ளங்கை மேலே பார்த்தபடி, சாவி வைக்கிற அளவுக்கு.

லோகு காட்டிக்கொடுத்துவிட்டானா என்று முனகினேன்.

"அவரு பொண்டாட்டி பூமிகா எனக்கு அடுத்த மேஜை. மொத வாரமே தெரியும்."

லோகுவின் மனைவி எங்கே வேலை செய்கிறாள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. பெரியபாளையத்துக் கல்யாணம் யாருக்கு என்பதையும் இனி கேட்கவேண்டியதில்லை.

"தெரிஞ்சா அப்பவே கேட்டிருக்கலாமே?"

"அடுத்தவங்க சொல்றத எங்க கம்பெனில எழுதிக்க மாட்டோம். மிஷின ஓட்டுனவரு வாயால வரணும். ஒரு தடவ நெஜமா மிதிச்சிட்டீங்கன்னா உங்களால சொல்லாம இருக்க முடியாது. அதான் மிதிக்க வெச்சேன்."

சாவியைக் கொடுத்தேன். அதில் கோத்திருந்த என் பெயர் போட்ட வளையத்தை மட்டும் கழற்றித் திருப்பிக் கொடுத்தாள். ஒரே ஒரு சலுகை கேட்டேன். வாரம் பூராவும் சைக்கிளில் போகிறேன், ஞாயிற்றுக்கிழமை மட்டுமாவது ஸ்கூட்டர் எனக்கு வேண்டும்.

"வர்ற ஞாயிறு முடியாதுங்க. நானும் பூமிகாவும் ஸ்கூட்டர்ல குடியம் குகை பாக்கப் போறோம்" என்றாள் ரம்யா. "எங்களுக்கு வழி தெரியாது, நீங்க முன்னாடி மிதிச்சிக்கினே போங்க."