தந்தை தகுதித் தேர்வு

ஒரு நல்ல மருத்துவரை உருவாக்க அறிவு வேண்டும், கருணை வேண்டும், ரத்தத்தைப் பார்த்து மயங்கி விழாத மனம் வேண்டும் என்றெல்லாம் உலகம் வெகுகாலமாகத் தவறாக நினைத்துக்கொண்டிருந்தது. அந்த மூடநம்பிக்கையை ஒழித்துக்கட்டிய பெருமை, புறவழிச்சாலை ஓரமாக ஒன்பது மாடிகளோடு எழுந்து நிற்கும் ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியையே சாரும். நல்ல மருத்துவருக்கு அடிப்படைத் தேவை, ஐந்தரை வருடம் தாங்கக்கூடிய ஓர் அப்பா. கல்லூரி இதைக் கண்டுபிடித்ததோடு நிற்கவில்லை. அதற்கொரு தேர்வும் வைத்தது.

அந்தத் தேர்வுக்கான அழைப்பு எடைமேடைக்காரர் வீட்டுக்கு ஒரு செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது.

எடைமேடைக்காரர் இருபத்தாறு வருடமாக லாரிகளை நிறுத்துப் பார்க்கிறவர். லாரி மேடையில் ஏறும், முள் நகரும், முள் காட்டுவதைச் சீட்டில் எழுதிக் கொடுப்பார். டிரைவர்கள் ஜன்னல் வழியாகக் கண்ணடிப்பார்கள். "அண்ணே, ஒரு ரெண்டு டன் கொறச்சுப் போடுங்கண்ணே." அவர் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். "முள்ளு சொல்றத எழுதுறேன். கொறைக்கணும்னா முள்ளுகிட்ட பேசிக்க."

அந்தக் கூண்டு அறையில் அவர் காலடியில் உட்கார்ந்து படித்து வளர்ந்தவள்தான் மகள். எப்போதோ லாரிக்காரர்களுக்கு மருத்துவ முகாம் நடத்த வந்த ஒரு நர்ஸ், பிரஷர் பார்க்கும் பழைய கைக்கருவி ஒன்றை அவளிடம் கொடுத்து, பார்க்கவும் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அன்றிலிருந்து லாரிக்கு எடை போடும் நேரத்தில் டிரைவர்கள் சட்டைக்கையை மடித்துக்கொண்டு அவள் முன்னால் நிற்பார்கள். ஒரு முறை ஒருவரிடம், "மாமா, இன்னிக்கு நீங்க ஸ்டீயரிங்கத் தொடக் கூடாது. நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று சாவியையே பிடுங்கி வைத்துக்கொண்டாள். அந்த மனிதர் இன்னும் லாரி ஓட்டுகிறார்.

ஆனால் இதற்கெல்லாம் மதிப்பெண் கிடையாது. நுழைவுத் தேர்வை மூன்று முறை எழுதினாள். முதல் வருடம் இயற்பியல் காலை வாரியது. இரண்டாம் வருடம் சட்டைக்கை நீளமாக இருக்கிறதென்று வாசலில் வைத்து வெட்டினார்கள், அந்தப் படபடப்பில் பாதி மறந்துபோனது. மூன்றாம் வருடம் தேறினாள், அரசு இடம் ஒரே ஒரு மதிப்பெண்ணில் தவறியது. அந்த ஒரு மதிப்பெண்ணின் விலை எவ்வளவு என்பதைத் தெரிவிக்கத்தான் தனியார் கல்லூரி கடிதம் போட்டிருந்தது.

"மாணவியின் மதிப்பெண் பட்டியல் இருந்தால் கொண்டுவரலாம். தந்தை கட்டாயம் வர வேண்டும், வெறும் வயிற்றில்."

மனைவி கடிதத்தை இரண்டு முறை படித்தாள். "இன்டர்வியூ அவளுக்கா, உங்களுக்கா?"

அவள் தம்பி இன்சூரன்ஸ் ஏஜென்ட். மனித ஆயுளைப் பற்றி அவனுக்குத் தெரியாதது இல்லை. "அக்கா, நீ எந்தக் காலத்துல இருக்க? போன வருஷம் மட்டும் மூணு அப்பாங்க பாதியில போய்ச் சேர்ந்துட்டாங்க. ஒருத்தர் ரெண்டாவது வருஷ ஃபீஸ்கூடக் கட்டல. காலேஜ் எவ்வளவு நொந்து போயிருக்கும்!"

"அய்யோ பாவம்" என்றாள் அக்கா. யாருக்காக என்பது தெளிவாகவில்லை.

தேர்வின் விதிகள் எளிமையானவை. அப்பாவின் கையில் பிரஷர் கருவியைக் கட்டுவார்கள். கட்டண விவரத்தை ஒவ்வொன்றாக வாசிப்பார்கள். முடிக்கும்போது நூற்றைம்பதுக்குக் கீழே இருந்தால் பிள்ளைக்கு இடம். தாண்டினால், அடுத்த அப்பா.

எடைமேடைக்காரரிடம் ஒரு வீடு இருந்தது. அதை விற்றால் இரண்டு வருடம் ஓடும். மிச்சம் மூன்றரை வருடத்துக்கு மட்டும்தான் அவர் உயிரோடு இருக்க வேண்டியிருந்தது.

பத்து நாள் பயிற்சி தொடங்கியது. உப்பு நின்றது. மைத்துனன் கட்டணப் பட்டியலை வாசிக்க, மகள் கருவியைக் கட்டி, 'மாதிரித் தேர்வு' தினமும் மாலையில் நடந்தது. முதல் நாள், பயிற்றுக் கட்டணத்திலேயே முள் நூற்றெழுபதைத் தொட்டது.

"அப்பா, உங்களுக்கு நெஜமாவே பிரஷர் இருக்கு. தேர்வு கிடக்கட்டும், முதல்ல டாக்டர்கிட்ட போலாம்."

"நீ டாக்டராகு. நேரா உங்கிட்டயே வர்றேன்."

"அதுக்கு ஆறு வருஷம் ஆகும்ப்பா."

"அதுவரைக்கும் வெய்ட்டிங்ல உக்காந்திருக்கேன்டி. உனக்கென்ன?"

ஐந்தாம் நாள் எடைமேடைக்காரரே ஒரு வழி கண்டுபிடித்தார். லட்சங்களை டன்களாகக் கேட்டுக்கொண்டார். பதினெட்டு லட்சமா? பதினெட்டு டன், கல் ஏற்றிய லாரி, தினமும் பார்ப்பதுதானே. விடுதி நாலு லட்சமா? காலி வண்டி. பத்தாம் நாள் முள் நூற்று நாற்பத்தெட்டில் நின்றது. மைத்துனன் கைதட்டினான். மகள் மட்டும் தட்டவில்லை.

தேர்வு நாளன்று கல்லூரி வாசலில் அப்பாக்கள் வரிசையில் நின்றார்கள். காவலாளி மோதிரத்தையும் பெல்ட்டையும் கழற்றச் சொல்லி, பையைத் தடவி, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். ஒரு அப்பாவின் காலுறைக்குள் பிரஷர் மாத்திரை சிக்கியது. 'முறைகேடு' என்று எழுதி, இரண்டு வருடம் தடை விதித்து அனுப்பினார்கள். அவர் மகன் தலையில் அடித்துக்கொண்டான். "நான்தான் அப்பவே சொன்னேன்ல, பிட்டு வேணாம்னு!"

பிள்ளைகள் வேலிக்கு வெளியே நின்று புத்தி சொல்லிக்கொண்டிருந்தார்கள். "அப்பா, பதட்டப்படாதீங்க." "மூச்ச நல்லா இழுத்து விடுங்கப்பா." "போன வருஷம் மாதிரி கடைசியில கோட்ட விட்டுடாதீங்கப்பா."

மகள் அவர் செருப்பையும் கைக்கடிகாரத்தையும் வாங்கிக்கொண்டாள். "அப்பா, தல சுத்தினா உடனே சொல்லிடுங்க. தேர்வாவது ஒண்ணாவது."

"வாயக் கழுவு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

தேர்வறையில் கல்லூரித் தலைவரே வீற்றிருந்தார். எல்லாரும் அவரைச் சேர்மன் என்பார்கள். அவர் அடிக்கடி பின்கழுத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில், கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்பை மாலையாகப் போட்ட இளம் டாக்டர், இதே கல்லூரியில் படித்தவர். எதிரே கட்டணம் வாசிக்கும் குமாஸ்தா. பிரஷர் பார்க்கும் கருவி சுவரில் மின்கம்பியோடு இணைக்கப்பட்டு, டிவி அளவுக்கு இருந்தது.

"பயிற்றுக் கட்டணம், பதினெட்டு லட்சம்."

கல் லாரி, என்று நினைத்துக்கொண்டார். நூற்று முப்பது.

"விடுதி, நாலு லட்சம். ஆய்வகம், ரெண்டு. நூலகம், ஒண்ணு. நூலகத்தைப் பயன்படுத்தாமலிருக்கக் கட்டணம், அரை."

நூற்று முப்பத்தெட்டு. சேர்மன் பாராட்டும் விதமாகத் தலையசைத்தார். இப்படியொரு அப்பா கிடைப்பது அபூர்வம்.

"ஜெனரேட்டர் பராமரிப்பு, முக்கால் லட்சம்" என்று குமாஸ்தா வாசித்தார். அந்த நொடியில் மின்சாரம் போனது.

கருவி இருண்டது. ஜெனரேட்டர் பட்டியலில் மட்டுமே இருந்ததால் யாரும் அதைத் தேடவில்லை. சுவரோரக் கண்ணாடி அலமாரியில், பழைய காலத்துப் பொருளென்று காட்சிக்கு வைத்திருந்த கைக்கருவியை எடுத்து இளம் டாக்டரிடம் கொடுத்தார்கள். அவர் பட்டையைக் கட்டி, பல்பை அமுக்கினார். புஸ்ஸென்றது. மறுபடி அமுக்கினார். மறுபடி புஸ்.

"என்னய்யா?" என்றார் சேர்மன்.

"சார், இது கடைசி பாடத்துல வரும். எங்க பேட்ச்சுக்கு அத நடத்தல சார்."

எடைமேடைக்காரரால் பொறுக்க முடியவில்லை. பெருமை வாயை அடக்க விடவில்லை. "திருகாணிய மூடாம அமுக்குறீங்க சார். எம் பொண்ணு கரெக்டாப் பாத்துடுவா. வெளியதான் நிக்கிறா."

"கூப்பிடுங்க. இன்னும் நாப்பது அப்பா பாக்கி இருக்காங்க."

மகள் வந்தாள். திருகாணியை மூடினாள், பட்டையைச் சரியாகக் கட்டினாள், டாக்டரின் ஸ்டெதாஸ்கோப்பை வாங்கிக் காதில் மாட்டிக்கொண்டாள். குமாஸ்தா கடைசி வரிகளுக்கு வந்தார். "இதர, மூணு லட்சம். இதரவில் அடங்காத இதர, ஏழு லட்சம். இவை வருஷத்துக்கு வருஷம் ஏறும். எவ்வளவுன்னு இங்க போடல."

எத்தனை டன் என்று எடைமேடைக்காரரால் கணக்குப் போட முடியவில்லை. சீட்டில் எழுத முடியாத பாரத்தை அவர் மேடை இதுவரை கண்டதில்லை. நெற்றியில் வியர்வை துளிர்த்தது.

மகள் காற்றை மெல்ல விட்டாள். முள்ளைப் பார்த்தாள். அவள் முகம் மாறியதை அவர் பார்த்தார். இருபத்தாறு வருடத்தில் முதல் முறையாக, ஒரு லாரி டிரைவரைப் போல, மகளைப் பார்த்துக் கண்ணடித்தார். 'நூத்தி நாப்பத்தெட்டு' என்று உதடுகள் ஓசையில்லாமல் அசைந்தன.

அவள் பட்டையைக் கழற்றி, இன்னொரு கையில் கட்டி, மறுபடி பார்த்தாள். பின்பு கருவியை மேசையில் வைத்தாள்.

"நூத்தித் தொண்ணூத்தாறு. அப்பா, பேசாதீங்க, சாஞ்சு உக்காருங்க. வண்டி வேணும், ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"ஆஸ்பத்திரியிலதாம்மா இருக்க" என்றார் குமாஸ்தா.

"நான் சொல்றது நெஜ ஆஸ்பத்திரி."

சேர்மன் முன்னால் குனிந்தார். "நல்லாப் பாத்தியா? யோசிச்சுச் சொல்லு. நூத்தம்பதுக்கு உள்ளன்னா சீட்டு உனக்கு."

அவள் கண் கலங்கியிருந்தது. குரல் கலங்கவில்லை. "முள்ளு சொல்றதத்தான் சார் சொல்ல முடியும்."

"பெத்த அப்பன ஃபெயிலாக்கிட்டியேடி!" என்று முனகினார் எடைமேடைக்காரர். ஆனால் தள்ளாடி எழுந்தபோது, அவள் தோளைத்தான் பிடித்துக்கொண்டார்.

முடிவு முறைப்படி அறிவிக்கப்பட்டது. 'தந்தை: தகுதியற்றவர். மாணவி: பரிசோதிக்கப்படவில்லை.'

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. அவரைப் பின்சீட்டில் சாய்த்து உட்காரவைத்து, சட்டைப் பொத்தானைத் தளர்த்தி, அவள் ஏறப்போனபோது பக்கவாட்டுக் கதவு வழியாக யாரோ ஓடிவந்தார்கள். சேர்மன். தனியாக. கக்கத்தில் அந்தப் பழைய கைக்கருவி. இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டுச் சட்டைக்கையை மடித்தார்.

"ரெண்டு நாளா பின்கழுத்து விண்ணு விண்ணுங்குதும்மா. ஒரு நிமிஷம், இதப் பாத்துச் சொல்லிட்டுப் போயிடு."

எடைமேடைக்காரர் சாய்ந்தபடியே தலையைத் திருப்பினார். "ஏன் சார், உள்ள எம்பது டாக்டர் இருக்காங்களே?"

சேர்மன் குரலைத் தாழ்த்தினார். "அவங்களப் பத்தி எனக்கென்னய்யா தெரியும்? நான் அவங்க அப்பாங்களத்தானே செலக்ட் பண்ணினேன்!"