பச்சைமலையில் எனக்கு வைத்த தைரியப் பரீட்சை

“கொர்ர்ர்...” என்று ஒரு சத்தம். அப்புறம் ஒரு இருமல். அப்புறம் இருட்டுக்குள்ளிருந்து ஒரு ஆம்பளைக் குரல்.

“ஏய்! எவன்டா அது? வெளிய வாடா! காலை ஒடச்சிருவேன்!”

நான் அப்போது பச்சைமலை மேல், ஒரு மரக் குடிலுக்குள் உட்கார்ந்து, என் இரண்டு வயது மகள் யாழினிக்கு பிஸ்கட்டைப் பாலில் நனைத்து ஊட்டிக்கொண்டிருந்தேன். சுற்றுவட்டாரத்தில் ஈ, காக்கா கிடையாது. ‘எவன்டா’ என்று கேட்பதற்கு அங்கே எவனுமே இல்லை. இருந்தது நான் ஒருத்திதான்.

பிஸ்கட் பாலுக்குள் விழுந்து கரைந்தது. நானும் கிட்டத்தட்ட அப்படித்தான்.

இவள் எதற்கு மலையில் போய் உட்கார்ந்தாள் என்று கேட்பீர்கள். இயற்கையை ரசிக்க இல்லை. பரீட்சை எழுத!

விஷயம் இதுதான். எங்கள் வீடு வாலிகண்டபுரம் பக்கம். வீட்டுக்காரருக்கு அரியலூர் சிமெண்டு ஆலையில் வேலை. தினமும் போக வர அல்லாடுகிறார் என்று கம்பெனியே குவார்ட்டர்ஸ் தருகிறேன் என்றது. தனி வீடு! என் இஷ்டத்துக்குச் சமையல்! நான் மனசுக்குள் திரைச்சீலையின் நிறம்வரைக்கும் தேர்ந்தெடுத்துவிட்டேன். குறுக்கே விழுந்தவர் என் மாமியார்.

“கரப்பான் பூச்சிக்கே கத்தித் தெருவக் கூட்டுறவ. இவன் நைட் ஷிஃப்ட் போனா கைப்புள்ளய வச்சிக்கிட்டு தனியா இருந்துருவாளா? மொதல்ல எங்கயாச்சும் ஒரு ராத்திரி கத்தாம, கூப்பாடு போடாம இருந்து காட்டச் சொல்லு. அப்பறம் பாக்கலாம் தனிக்குடித்தனம்.”

கரப்பான் விஷயம் உண்மைதான். ஆனால் அது பறந்தது! பறக்கிற கரப்பானுக்குப் பயப்படாதவர்கள் யாராவது இருந்தால் இங்கே கை தூக்குங்க பார்ப்போம்.

உடனே எங்க வீட்டுக்காரர் மூளையில் பல்பு எரிந்தது. “அவ்ளோதானம்மா? பச்சைமலையில மரத்துல கேபின் கட்டி விட்டிருக்காங்களாம். ஒரு ராத்திரி இருந்துட்டு வந்துர்றோம். இவளுக்கும் பயம் தெளிஞ்சிரும்.”

கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கப் பொண்டாட்டியைத் தள்ளிவிட்டுப் பார்க்கிற ரகம் அவர்.

ஆக, அன்றைய வேலை ரொம்பச் சுலபம். போக வேண்டும், தூங்க வேண்டும், கத்தாமல் திரும்பி வர வேண்டும்.

போனோம். குடிலின் வாசலிலேயே பெரிய பலகை. ‘இயற்கையோடு இணையுங்கள்.’ எங்கள் ஊரில் கரண்டு போகும்போதெல்லாம் இணைந்துகொண்டுதான் இருக்கிறோம். அதற்குக் கீழே ஆக்டிவிட்டிகளாம். மலையேற்றம், பறவை பார்த்தல், அருவிக் குளியல், கேம்ப் ஃபயர். இவ்வளவையும் நடத்தித் தருவதற்கு ஒரே ஆள்தான். தங்கராசு அண்ணன். குடிலைப் பார்த்துக்கொள்பவரும் அவரே, சோறு போடுபவரும் அவரே, வழிகாட்டியும் அவரே.

“மேடம், டிரெக்கிங் போலாங்களா?” என்றார்.

டிரெக்கிங் என்றால் என்னவென்று இப்போது எனக்குத் தெரியும். தங்கராசு அண்ணன் தன்னுடைய மரவள்ளிக் காட்டுக்குப் போவார். நாம் பின்னாலேயே போக வேண்டும். நடுநடுவே அவர் குனிந்து களை பிடுங்குவார். நாம் நின்று வேடிக்கை பார்க்க வேண்டும். ‘களை பிடுங்குதல்’ என்று அதையும் பலகையில் சேர்த்து வேலையை எங்கள் கையில் கொடுத்துவிடுவாரோ என்று எனக்குப் பயம்.

யாழினி பத்தடி நடந்தாள். அப்புறம் “தூக்கு” என்றாள். நான் பிள்ளையைத் தூக்கினேன். வீட்டுக்காரர் செல்போனைத் தூக்கினார். “கொஞ்சம் சிரிச்ச மாதிரி நில்லு. அம்மாவுக்கு அனுப்பணும்.” மூச்சு வாங்குகிறவள் எப்படிச் சிரிப்பாள்? அந்தப் படத்தைப் பார்த்தால் என்னைப் பாம்பு கடித்த மாதிரி இருக்கிறது.

பறவை பார்த்தல் அதைவிட மோசம். ஒரு பைனாகுலரைக் கொடுத்தார். அதில் ஒரு கண்ணாடிதான் வேலை செய்கிறது.

“அந்தா பாருங்க மேடம், மயிலு!”

மயில்! எங்கள் வீட்டு மொட்டை மாடியில் காயப்போட்ட வடகத்தைத் தின்றுவிட்டுப் போகிற அதே மயில்! அதை வாரத்துக்கு நாலு தடவை துடைப்பத்தால் விரட்டுகிறேன். இங்கே வந்து ஒற்றைக் கண்ணால் பார்த்து ‘வாவ்’ சொல்ல வேண்டுமாம்.

அருவி? இருந்தது. பாறையில் ஈரம் இருந்தது. எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழியும்போது இதைவிட வேகமாக விழும். வீட்டுக்காரர் சட்டையைக் கழற்றி அதற்கு அடியில் நின்று, “ஆஹா... ஆஹா...” என்றார். தலை நனையவில்லை. மனசு நனைந்ததாம்.

“அடுத்து கேம்ப் ஃபயருங்க மேடம்” என்றார் தங்கராசு அண்ணன். விறகு ஈரம். எரியவில்லை, புகைந்தது. கொசுவத்தியே இதைவிட நன்றாக எரியும். யாழினி மட்டும் கை தட்டினாள்.

பொழுது சாய்ந்ததும், “சாப்பாடு நம்ம வூட்ல தயாரா இருக்கு, போய் எடுத்தாந்தர்றேன்” என்று அவர் பைக்கை எடுத்தார். எங்க வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா? “நானும் வரேங்க, மலை ஊரப் பாத்த மாதிரி இருக்கும்” என்று பின்னால் ஏறிக்கொண்டார்.

“என்னங்க, நான் தனியா இருக்கணுமா?”

“அஞ்சே நிமிஷம். இதுக்குத்தான வந்தோம்? பரீட்சை எழுதும்மா!”

கதவைச் சாத்தப் போனேன். தாப்பாள் ஒரு பக்கம், அது விழ வேண்டிய ஓட்டை ஒரு பக்கம். மழையில் மரம் ஊதிவிட்டது. தள்ளினேன், இடித்தேன், தொங்கினேன். விழவில்லை. நாற்காலியை முட்டுக் கொடுத்து, அதன்மேல் பெட்டியை வைத்து, அதன்மேல் தண்ணீர் கேனை வைத்தேன். அப்புறம்தான் பிஸ்கட், பால், கொர்ர்ர்.

சரியாக அந்த நேரம் பார்த்து மாமியார் வீடியோ கால்!

எடுக்காவிட்டால் பயந்துவிட்டேன் என்பார். எடுத்தேன். பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன்.

“ரொம்ப ஜாலியா இருக்குங்க அத்தை! பயமா? சேச்சே!”

“ஏய்! எவன்டா அது? வெளிய வாடா!”

அத்தையின் கண் போனைவிடப் பெரிதானது. “யாருடி அது, ஆம்பளக் கொரலு?”

“டிவிங்க அத்தை.”

“டிவி இல்லாத எடமுன்னுதான எம்மவன் பீத்திக்கிட்டுப் போனான்? அவன எங்க? போன அவங்கிட்ட குடு!”

“அவரு... அவரு வந்து...”

சிக்னல் போய்விட்டது. என் குவார்ட்டர்ஸும் அதோடு போய்விட்டது என்று நினைத்தேன்.

மறுபடி கொர்ர்ர். மறுபடி இருமல். மறுபடி காலை ஒடச்சிருவேன். ஆனால் இந்தத் தடவை கவனமாகக் கேட்டேன். கத்தி முடித்ததும் பின்னாலேயே தூரத்தில் ஒரு பொம்பளைக் குரல்.

“சோறு ஆறுதுய்யா! வந்து தின்னுட்டுக் கத்து!”

அப்பாடா! குடும்பஸ்தன்தான். குடித்துவிட்டு யாரோடோ சண்டை. பொண்டாட்டி சாப்பிடக் கூப்பிட்டுவிட்டாள். இனி போய்விடுவான்.

போகவில்லை. கொஞ்ச நேரத்தில் மறுபடி அதே கத்தல். மறுபடி அந்த அம்மா, “சோறு ஆறுதுய்யா!” மறுபடி கத்தல். மறுபடி சோறு.

அங்கேதான் எனக்கு இடித்தது. எங்க வீட்டுக்காரர் சோறு என்றால் தூக்கத்திலேயே எழுந்து வந்து தட்டு முன்னால் உட்காருவார். எங்க மாமா, எங்க அப்பா, எல்லாரும் அப்படித்தான். இத்தனை தடவை கூப்பிட்டும் சாப்பிடப் போகாத ஆம்பளை உலகத்தில் உண்டா?

உயிரோடு இருந்தால் போயிருப்பானே!

அவ்வளவுதான். பன்னிரண்டு வருஷம் கான்வென்ட்டில் படித்தவள் நான். ஆபத்து வந்ததும் குலதெய்வம் பெயர் வரவில்லை, காலை அசெம்ப்ளியில் சொல்கிற இங்கிலீஷ் ஜெபம்தான் வந்தது. அதுவும் பாதியில் மறந்து, உறுதிமொழியில் போய் முடிந்தது.

பேயாக இருந்தாலும் மரியாதையாகப் பேசினால் போய்விடும் என்று ஒரு யோசனை. தொண்டையைச் செருமினேன்.

“எக்ஸ்க்யூஸ் மீ! ஹூ இஸ் தேர், ப்ளீஸ்?”

“ஏய்! எவன்டா அது?”

சரி, தமிழ் மீடியம் பேய்.

“எவனும் இல்லண்ணே! நான்தாண்ணே! கைப்புள்ளக்காரிண்ணே!”

“காலை ஒடச்சிருவேன்!”

“வேணாண்ணே! மொதல்ல போய்ச் சாப்புடுங்கண்ணே! அக்கா எவ்ளோ நேரமா கூப்புடுறாங்க, பாவம்ண்ணே!”

யாழினிக்கு ஒரே குஷி. கட்டில்மேல் நின்றுகொண்டு, “ஏய்! எவந்தா!” என்று அதுவும் பதிலுக்குக் கத்துகிறது.

“யார்கிட்டடி பேசிட்டிருக்க?”

கதவுக்கு வெளியே எங்க வீட்டுக்காரர்! பக்கத்தில் தூக்குச் சட்டியோடு தங்கராசு அண்ணன். பைக் பஞ்சராகி, தள்ளிக்கொண்டே வந்தார்களாம். நாற்காலி, பெட்டி, கேன் எல்லாவற்றையும் இறக்கிவிட்டு, அழுதுகொண்டே கதவைத் திறந்து விஷயத்தைச் சொன்னேன்.

தங்கராசு அண்ணன் கூச்சத்தில் நெளிந்தார். “அது நம்ம கொரலுதாங்க மேடம். காட்டுப்பன்னி வந்து கெழங்கெல்லாம் நோண்டிப் போட்டுருது. அதுக்காவ சத்தம் போட்டுப் பதிவு பண்ணி, மைக்க காட்டுல கட்டி வுட்டுருக்கேன். ராத்திரி பூரா அதுவே கொர்ருன்னு எரைஞ்சிட்டுக் கத்தும்.”

“அப்ப... அந்தச் சோறு?”

“பதிவு பண்றப்ப எங்க வூட்டுப் பொம்பள நடுவுல பூந்துட்டா மேடம். அழிக்கத் தெரியல. பன்னிக்கு என்ன தெரியப்போவுது, சோறா கொழம்பான்னு?”

பன்னிக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. இன்னொரு விஷயம், அந்தச் சத்தத்துக்குப் பன்னி பயந்த மாதிரியும் எனக்குத் தெரியவில்லை. பக்கத்திலேயே உறுமல் கேட்டது. அந்தக் காட்டில் அந்த மைக்குக்குப் பயந்த ஒரே ஜீவன் நான்தான்.

வீட்டுக்காரர் சிரித்துச் சிரித்து இருமினார். நான் கோழிக் குழம்பைத் தொடவில்லை. ஒரு துண்டுதான் தின்றேன். சரி, மூன்று.

அப்போதுதான் மலைப் பாதையில் வெளிச்சம். எங்கள் வீட்டுப் பழைய கார்! போன் அறுந்ததும் மாமாவைக் கிளப்பிக்கொண்டு அத்தை நேராக மலை ஏறிவிட்டார். கதவைத் திறந்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினார்.

“எங்கடி அந்த ஆளு? எவன் அவன், எம் மருமகள மெரட்டுனவன்?”

‘எம் மருமக’ என்று அவர் சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன். கண் கலங்கும் நேரத்தில், அத்தையின் முதுகுக்குப் பின்னாலிருந்தே பதில் வந்தது.

“கொர்ர்ர்... ஏய்! எவன்டா அது? காலை ஒடச்சிருவேன்!”

அத்தையின் கால் அவ்வளவு வேகமாக ஓடும் என்று எங்கள் யாருக்கும் தெரியாது. ஒரு செருப்பு காருக்குப் பக்கத்தில், இன்னொன்று கேம்ப் ஃபயரில். உள்ளே வந்து கதவைச் சாத்தி, அதன்மேல் முதுகைக் கொடுத்து நின்றுவிட்டார். மாமா வெளியில்! பின்னாலேயே அந்தப் பொம்பளைக் குரலும் வந்தது, “சோறு ஆறுதுய்யா!”

“அடியே, அது மைக்குடி!” என்றார் மாமா கதவுக்கு அந்தப் பக்கம். “நம்ம சோளக்காட்டுலகூட இதான் கட்டியிருக்கேன்!”

“நீங்க பேசாதீங்க! மைக்காம் மைக்கு! மைக்க எந்தப் பொம்பளயாவது சோறு திங்கக் கூப்புடுவாளா?”

பாருங்க, கான்வென்ட் படிக்காமலே என்னுடைய அதே முடிவுக்கு வந்துவிட்டார்.

விடிய விடிய அத்தை என் கையை விடவில்லை. ஒவ்வொரு கொர்ர்ருக்கும் அவர் நகம் என் மணிக்கட்டில் இறங்கியது. நான் ஒரு சத்தம் போடவில்லை. பரீட்சை ஆச்சே!

காலையில் டீயை உறிஞ்சிக்கொண்டே மாமா ஒரே ஒரு வார்த்தை சொன்னார். “இந்த வூட்ல பயந்தாங்கொள்ளி யாருன்னு பாத்தாச்சு. குவார்ட்டர்ஸ எடுத்துக்கடா.”

அத்தை மரவள்ளிக் காட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜெயித்துவிட்டேன்!

அரியலூருக்கு வந்தாயிற்று. திரைச்சீலைகூட மாட்டிவிட்டேன். இன்றைக்கு வீட்டுக்காரருக்கு முதல் நைட் ஷிஃப்ட். அவர் கிளம்பிப் போன சூட்டோடு கதவு தட்டப்பட்டது. திறந்தால், கையில் பையும் கக்கத்தில் தலையணையுமாக அத்தை!

“மாமாவுக்கு ராத்திரியிலதான் மோட்டாருக்குக் கரண்டு வுடுறான். அவுரு பாட்டுக்குக் காட்டுக்குப் போயிர்றாரு. எனக்கென்ன, நான் இருந்துக்குவேன். நீதான் பயந்துக்குவியேன்னு வந்தேன்.”

“எத்தனை நாளைக்குங்க அத்தை?”

“அவனுக்கு நைட் ஷிஃப்ட் முடியட்டும், அப்பறம் பாக்கலாம்.”

நைட் ஷிஃப்ட் அவர் ரிட்டயர் ஆகிறவரைக்கும் மாறி மாறி வரும்.

இதை நான் போனில் தட்டிக்கொண்டிருக்கிறேன். வெளியே எங்கேயோ ஒரு நாய் குரைத்தது. உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் திக்கென்றுதான் இருந்தது. ஆனால் நான் எழுவதற்குள் அத்தை எழுந்து போய், மேல் தாப்பாள், கீழ் தாப்பாள் ரெண்டையும் உள்பக்கமாகப் போட்டு, இழுத்தும் பார்த்துவிட்டு வந்து படுத்தார்.

ஆக, தனிக்குடித்தனம் இனிதே ஆரம்பம்.