பதினான்காம் பக்கத்துக் குழந்தை

மருந்துக் கடையில் மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்பு போடுவதா, பின்பு போடுவதா என்று கேட்பதற்கே வீட்டிலிருந்து ஒத்திகை பார்த்துக்கொண்டு போகிறவள் நான். அப்படிப்பட்டவளை மேடையேற்றி, மூன்று எழுத்தாளர்களிடம் கேள்வி கேட்கச் சொன்னது யாருடைய குற்றம்? என்னுடையது இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அப்போது என்னுடைய சிறுகதைத் தொகுப்பு ஒன்றே ஒன்று வெளிவந்திருந்தது. (வாங்கியவர்களில் பாதிப் பேர், என் கணவர் பாபுவுடன் அம்பத்தூர் கம்பெனியில் வேலை செய்கிறவர்கள். மீதிப் பாதி நான்.) அதை நம்பி, பூந்தமல்லியில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த இலக்கிய மாநாட்டில் ஓர் அமர்வை என்னிடம் ஒப்படைத்தார் அமைப்பாளர் ஞானசேகர் அண்ணன். சக எழுத்தாளர்கள் மூவரிடம் நான் கேள்வி கேட்க வேண்டும். அவர்களில் ஒருவர் பன்னிரண்டு நாவல்கள் எழுதிய மூத்தவர்.

"கலை, அவரு உன் ரெண்டாவது புக்குக்கு முன்னுரை தரேன்னு வாயால சொல்லிக்கீறாரும்மா," என்றார் அண்ணன் போனில். "கேள்வியெல்லாம் கொஞ்சம் பதமா இருக்கட்டும். மனுசன் குளுந்துட்டார்னா அங்கயே எழுதி வாங்கிடலாம்."

பெரியவர் ஒருவருடைய முன்னுரை இல்லாமல் புதியவளின் புத்தகத்தை யார் புரட்டுவார்கள் என்று கேட்டு, பதிப்பாளர் என் இரண்டாவது தொகுப்பை ஆறு மாதமாக அப்படியே வைத்திருந்தார். ஆகவே அந்தப் புத்தகம் வருவதும் வராததும் அந்த ஒரு மணி நேரத்தின் கையில் இருந்தது.

கோவில்பதாகையில் எங்கள் வீட்டில், மகள் இனியா மதியம் தூங்கும் நேரம்தான் என் வாசிப்பு நேரம். மூன்று பேருடைய புத்தகங்களையும் பரீட்சைக்குப் படிப்பதுபோலப் படித்தேன். நோட்டின் இடது பக்கத்தில், படிக்கும்போது மனதில் தோன்றியதை எழுதினேன். வலது பக்கத்தில் அதையே குளிப்பாட்டி, பவுடர் போட்டு, பொட்டு வைத்து எழுதினேன்.

மூத்தவருடைய பெயர்பெற்ற நாவலில், பதினான்காம் பக்கத்தில் நாயகனுக்கு ஒரு குழந்தை பிறக்கிறது. அதற்குப் பிறகு கடைசிப் பக்கம் வரை அதைக் காணோம். அழுகைச் சத்தம்கூட இல்லை. இடது பக்கத்தில் இப்படி எழுதியிருந்தேன்: 'நாயகன் பதினோரு முறை மொட்டைமாடிக்குப் போய் வானத்தைப் பார்க்கிறான். அந்த நேரமெல்லாம் குழந்தை யாரிடம் இருக்கிறது? (இதைக் கேட்கவே கூடாது.)'

வலது பக்கத்தில் இப்படி: 'தங்கள் படைப்புகளில் வானமும் தனிமையும் பெறும் இடம் குறித்துப் பகிர்ந்துகொள்ள முடியுமா?'

பாபு நோட்டைப் புரட்டிப் பார்த்தார். "இன்னா கலை, இந்தப் பக்கம் அடிதடி, அந்தப் பக்கம் அர்ச்சனை."

"அர்ச்சனையத்தாங்க கேட்கப் போறேன்."

"அப்ப அடிதடிய எதுக்கு எழுதிக்கினு கீற?"

நோட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டேன்.

நோட்டு தொலைந்துவிட்டால்? இனியா அதில் தண்ணீரைக் கொட்டிவிட்டால்? இந்தப் பயத்தில் இரண்டு பக்கங்களையும் தனித்தனியாகப் போனில் படம் எடுத்து வைத்தேன். (பயந்தவள் செய்யும் முன்னெச்சரிக்கையைவிட ஆபத்தானது எதுவும் இல்லை.) மாநாட்டுக்கு முதல் நாள் அண்ணன் கூப்பிட்டு, கேள்விகளை உடனே அனுப்பச் சொன்னார். அந்த நேரம் பார்த்து இனியா இட்லி மாவுப் பாத்திரத்துக்குள் முழங்கைவரை கையை விட்டிருந்தாள். ஒரு கையால் அவளைத் தூக்கி, மறு கையால் படத்தை அனுப்பினேன். எந்தப் படம் என்பதைத்தான் நீங்கள் இந்நேரம் கண்டுபிடித்திருப்பீர்களே.

அண்ணன் அதைத் திறந்துகூடப் பார்க்காமல் டைப்பிங் கடைக்கு அனுப்பிவிட்டார். கடைக்காரர் நேர்மையானவர். ஓர் எழுத்தும் விடாமல் அடித்து, மேலே என் பெயரைத் தடித்த எழுத்தில் போட்டு, கூட்டத்துக்கு வந்த எல்லோருடைய கோப்பிலும் ஒரு பிரதி இருக்கும்படி செய்துவிட்டார். கேள்வி எழுதியவளுக்கு எதற்கு என்று எனக்கு மட்டும் தரவில்லை.

மேடையில், நான் பொட்டு வைத்த கேள்வியைப் படித்து முடித்தேன். முன்வரிசையில் ஓர் அம்மாள் தாளால் வாயை மூடிக்கொண்டார். பக்கத்திலிருந்தவருடைய தோள் குலுங்கியது. மூத்தவர் நிதானமாகக் கண்ணாடியை மாட்டினார்.

"நீ கேக்குறது இதுல இல்லியேம்மா. இதுல என் புள்ளையக் காணோம்னு இல்ல தேடிக்கிட்டிருக்க."

அவர் தாளை எடுத்து மைக்கில் படித்தார். மொட்டைமாடி, வானம், குழந்தை எல்லாவற்றையும் படித்தார். அடைப்புக்குறிக்குள் இருந்ததையும், தொண்டையைச் செருமிக்கொண்டு, தனியாகப் படித்தார். மண்டபமே சிரித்தது. எனக்குக் காது வழியாகப் புகை வந்திருக்க வேண்டும். மேடை ஓரத்தில் ஞானசேகர் அண்ணன் இரண்டு கையையும் கூப்பி, மன்னிப்புக் கேட்கும்படி சைகை காட்டிக்கொண்டிருந்தார்.

'தவறுதலாக வந்துவிட்டது ஐயா' என்ற வாக்கியம் தொண்டைவரை வந்துவிட்டது. அப்போது மண்டபத்தின் கடைசியில் பாபு கண்ணில் பட்டார். எனக்காக லீவு போட்டுவிட்டு வந்தவர், சிணுங்கிக்கொண்டிருந்த இனியாவைத் தோளில் சாய்த்து, முதுகைத் தட்டியபடி குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார். அவர் மட்டும் வானத்தைப் பார்க்கப் போயிருந்தால் நான் அந்த மேடையில் இல்லை.

"அதுதான் ஐயா கேள்வி," என்றேன். குரல் ஆட்டுக்குட்டி மாதிரிதான் வந்தது. "குழந்தை எங்கே?"

மூத்தவர் மேடை பல கண்டவர். சிரித்தபடி சாய்ந்து உட்கார்ந்தார். "அதுக்கு ரெண்டாம் பதிப்புல பதில் வரும்மா."

கைதட்டல். அத்தோடு விட்டிருக்கலாம். முன்னுரைகூடப் பிழைத்திருக்கும்.

"ஐயா, நான் படிச்சதே ரெண்டாம் பதிப்புதான்."

பின்வரிசையிலிருந்து ஒரு பெண்ணின் சிரிப்பு கிளம்பி, வரிசை வரிசையாக மேடைவரை வந்தது. மூத்தவர் மட்டும் சிரிக்கவில்லை. "அடுத்த கேள்வி," என்றார். முன்வரிசை அம்மாளிடம் தாளை வாங்கி, அடுத்த கேள்வியையும் அதிலிருந்தே கேட்டேன். எல்லாவற்றையும் கேட்டேன்.

அமர்வு முடிந்ததும் மூத்தவர் தனக்குப் போட்ட பொன்னாடையோடு, சாப்பிடாமலே கிளம்பிவிட்டார்.

"ஒரு சாரி சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும்லம்மா," என்றார் அண்ணன்.

"எதுக்குண்ணே?" என்றேன். கடைசிவரை சாரி சொல்லவில்லை.

முன்னுரை வரவில்லை. பதிப்பாளரும் கையை விரித்துவிட்டார். வேறொரு சின்னப் பதிப்பகத்தில், முன்னுரை இல்லாமலே புத்தகம் வந்தது. அட்டையைத் திருப்பினால் நேராகக் கதைதான். முதல் கதையில் ஒரு குழந்தை இருக்கிறது. அது கடைசிவரை இருக்கிறது. நடுவில் இரண்டு முறை வாந்தியும் எடுக்கிறது.

எங்கள் வீட்டில் இப்போது பதில் தெரியாத கேள்விகளுக்கெல்லாம் ஒரே பதில்தான். கேஸ் புக் பண்ணியாச்சா, கரண்ட் ஆபீசுக்குப் போனீங்களா, எதைக் கேட்டாலும் பாபு "ரெண்டாம் பதிப்புல வரும்" என்பார். போன ஞாயிற்றுக்கிழமை துணி எடுக்க மாடிக்குப் போனவர் அரை மணி நேரமாக இறங்கி வரவில்லை. நான் படிக்கட்டில் நின்று சத்தம் போட்டேன்.

"என்னங்க, குழந்தை எங்க?"

"ரெண்டாம் பதிப்புல வரும்."

அதன் பின்னாலேயே இன்னொரு குரல் அதட்டலாக வந்தது.

"நான் இங்கதாம்மா கீறேன்."