வெள்ளி ஷூவுக்குத் தாய்மாமன்

வடசென்னையில் கண்ணீரண்ணன் வந்து பாடாமல் செத்தவர் யாரும் முழுசாகச் செத்ததாகக் கணக்கில்லை. டாக்டர் சர்டிபிகேட் கொடுத்துவிடலாம், மூலக்கொத்தளம் மயானத்தில் குழியும் வெட்டிவிடலாம். ஆனால் சாவு வீட்டுப் பந்தலில் உட்கார்ந்து, டோலக்கை மடியில் வைத்து, அண்ணன் தொண்டையைக் கனைத்தால்தான் எங்கள் ராயபுரம் தெரு விஷயத்தை ஒப்புக்கொள்ளும்.

மரண கானா பாடுகிறவர். நிஜப் பெயர் யாருக்கும் தெரியாது. அவர் பாடினால் பாகப்பிரிவினையில் மண்டையை உடைத்துக்கொண்ட தம்பிகூடக் கதறுவான். ஒருமுறை ஐஸ் பெட்டி இறக்க வந்த ஆள், செத்தது ஆணா பெண்ணா என்றே தெரியாமல், பெட்டியைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டான். வீட்டுக்காரர்கள்தான் அவனைத் தேற்றி டீ வாங்கிக் கொடுத்தார்கள். துறைமுகம் பக்கம் ஒரு கிளியரிங் ஆபீசில் வேலை பார்த்துக்கொண்டு, அந்தத் தெருவில் ஒரு மாடி அறையில் நான் தனியாகக் குடியிருந்தபோது இதையெல்லாம் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன்.

பாடுவதற்கு முன் அண்ணன் நடத்தும் விசாரணை இருக்கிறதே, போலீஸ் தோற்றது! மூத்த மகன் பேர் என்ன, மருமகள் எந்த ஊர், பேத்தியை வீட்டில் எப்படிக் கூப்பிடுவார்கள், தாய்மாமன் வந்தாச்சா. அத்தனை பேரையும் பாட்டில் கூப்பிட்டாக வேண்டும். ஒரு உறவு விட்டுப்போனாலும் டோலக்கைத் தொடமாட்டார்.

"ஒறவு பேர் சொல்லாம அனுப்புனா, போறவன் திரும்பித் திரும்பிப் பாத்துகினே போவான் சார். போற எடம் போய்ச் சேரமாட்டான்."

இவருக்கு உயிர் ஒரு வெளிநாட்டுப் பாடகர் மேல். உலகமே கொண்டாடிய ஆள். பேர் எங்கள் தெருவில் யார் வாயிலும் நுழையாததால், மேடையில் அவர் போடும் பளபளப்பான காலணியை வைத்து 'வெள்ளி ஷூ' என்று ஆகிவிட்டது. சாயங்காலமானால் அண்ணன் மீன்பிடித் துறைமுகத்துக் கல் மேல் உட்கார்ந்து, செல்போனைக் காதோடு அணைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். தூரத்தில் கிரேன் விளக்குகள் மெதுவாக எரியத் தொடங்கும். கடல் எது வானம் எது என்று தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்தால் எனக்கும் ஒரு மயக்கம் வரும், தூக்கத்தில் யாரோ தலையைக் கோதிவிடுகிற மாதிரி.

அண்ணனுக்கு இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாது. ஆனால் விளக்கம் சொல்லுவார். "இந்தப் பாட்டுல அக்காவக் கட்டிக்குடுத்து அனுப்புறான் சார். அதான் கொரல் நடுங்குது."

எனக்குத் தெரிந்தவரை அது புது கார் வாங்கியவன் ஊர் சுற்றக் கிளம்பும் பாட்டு. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் சொன்னேன்.

"கார்லதான் சார் அனுப்புறான்" என்றார்.

அந்த வெள்ளி ஷூ திடீரென்று செத்துப்போனார். முந்தின நாள்கூட மேடையில் ஆடியவர். காலையில் எல்லார் போனிலும் அதே படம். மதியத்துக்குள் ரசிகர் மன்றத்து இளைஞர்கள் தெருமுனையில் பேனர் கட்டிவிட்டார்கள். பேனர் கடைக்காரர் கையில் இருந்த சாவு டிசைனில் முகத்தை மட்டும் மாற்றிக் கொடுத்ததால், வெள்ளி ஷூ இரண்டு குத்துவிளக்குகளுக்கு நடுவே நெற்றி நிறையத் திருநீறோடு சிரித்தார். துயரத்தில் வாடும் மன்றத்தினர் கீழே வரிசையாகக் கூலிங்கிளாஸ் போட்டிருந்தார்கள். புளியந்தோப்பிலிருந்தும் எண்ணூரிலிருந்தும் ஷேர் ஆட்டோவில் ரசிகர்கள் வந்து இறங்கினார்கள். சாமியானா, நாற்காலி, படத்துக்கு ரோஜா மாலை, எல்லாம் தயார்.

அண்ணன் வந்தார். முகம் வீங்கியிருந்தது. "பாடி இல்ல, பரவால்ல. ஒறவு யாரு?"

மன்றத் தலைவர் முழித்தார். "நாங்க ரசிகருங்கண்ணே."

"ரசிகரை எந்த அடியிலடா வெக்கிறது? அம்மா யாரு? மாமன் யாரு?"

"அவங்கல்லாம் அமெரிக்காவுல கீறாங்க."

"அங்க கீறவங்களக் கூப்ட்டா இங்க யாரு அழுவா?" அண்ணன் டோலக்கைத் துண்டால் மூடினார். "அவனுக்குப் பாடணும்னு நெஞ்சு வெடிக்குது மாமு. ஆனா ஒறவு இல்லாம என் கொழந்தைய அனுப்பமாட்டேன்."

மீன் விற்றுவிட்டுக் காலிக் கூடையோடு வேடிக்கை பார்த்த எல்லம்மா, கூடையைக் கீழே வைத்தாள். "எம்புள்ளன்னு போட்டுக்கோ நைனா. கப்பல் வேலைக்குப் போறவரைக்கும் எம்பையன் வூட்ல இவன் பாட்டத்தான் போட்டுகினு கெடந்தான்."

அவ்வளவுதான், அணை உடைந்தது. தம்பி பதவிக்கு அடிதடி. சித்தப்பா மட்டும் எண்ணூரிலிருந்து நாலைந்து பேர். மனைவி யார் என்றபோது ஒரு விவரமானவன் எழுந்து, "மூணு பேருண்ணே, மூணும் டைவர்ஸு" என்றான்.

"வாணாம், பேஜாரு. வுட்டுடு."

அந்த நேரம் பார்த்து மளிகைக்கடை அண்ணாச்சி வந்தார், சண்டை போட. "கடை வாசல மறிச்சு என்னவே கூத்து? யாவாரம் பாக்க வேண்டாமா?"

"அண்ணாச்சி, தாய்மாமன் எடம் காலியா கீது" என்றார் அண்ணன்.

அண்ணாச்சி படத்தைப் பார்த்தார். திருநீற்றைப் பார்த்தார். திரும்பிப் போனார். கடை ஷட்டர் இறங்கும் சத்தம் கேட்டது. கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்று நினைத்தோம். குளித்துவிட்டு, கையில் கோடி வேட்டியோடு வந்து நின்றார். எல்லம்மாவிடம், "அழாத தங்கச்சி, நான் இருக்கேம்லா" என்றார். எங்கள் சரித்திரத்தில் அவர் யாருக்கும் ஒரு வெற்றிலையைக்கூடச் சும்மா கொடுத்ததில்லை.

"சார், நீங்க மச்சான்" என்றார் அண்ணன் என்னைப் பார்த்து.

"நீங்க?"

"பாடறவன் ஒறவாவக் கூடாது சார். கொரல் ஒடஞ்சிரும்."

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கடல் பக்கமிருந்து ஈரக்காற்று வந்து சாமியானாவை மெதுவாகத் தூக்கித் தூக்கி விட்டது. அண்ணன் ஆரம்பித்தார்.

"கப்பலேறி வந்திருந்தா – வெள்ளி ஷூவே
ஹார்பரிலே நின்னுருப்போம்
கால்வலிக்க ஆடினியே – கண்ணே
கடலோரம் தூங்கலாமே"

தாய் எல்லம்மா, மாமன் அண்ணாச்சி, தம்பிமார், சித்தப்பாமார் என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். மச்சான் என்று என் பேரும் வந்தது. நேரில் பார்த்தே இராத ஒருவருக்காக, சத்தியமாகச் சொல்கிறேன், சொந்த மச்சானைப் பறிகொடுத்தவனாக அழுதேன். அந்தத் தெருவில் என்னை ஒருவர் உறவு சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

எல்லாரையும் கூப்பிட்டு முடித்த பிறகும் அண்ணன் நிறுத்தவில்லை. "கூடப் பொறந்த அண்ணன் ஒருத்தன்..." என்று யாரும் கேட்காத அடி ஒன்றை எடுத்தார். அதோடு குரல் போய்விட்டது. விரல்கள் மட்டும் டோலக்கில் ஓடின. ஊரையெல்லாம் அழவைத்தவர், வாய் திறந்தபடி சத்தமே இல்லாமல் அழுதார்.

எல்லம்மாதான் அந்த அடியைப் பிடித்துக்கொண்டாள். அடுத்து அண்ணாச்சி, கொஞ்சமும் சுருதி சேராமல். பிறகு தெரு முழுக்க. பாட்டு எங்கள் எல்லார் வாயிலும் ஏறி, வீடுகளைத் தாண்டிக் கடல் பக்கம் போனது. அன்றைக்குப் போனவர் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்த்திருக்கமாட்டார்.

நான் இப்போது வேறு பேட்டைக்கு வந்துவிட்டேன். அண்ணன் இன்னும் பாடிக்கொண்டிருக்கிறார், போன் செய்தால் "இன்னா மச்சான்" என்கிறார். எனக்கு அவசரம் ஒன்றுமில்லை. ஆனால் சாமியிடம் ஒன்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன்: அவர் எனக்குப் பிறகுதான் போக வேண்டும்.