பெட்டிக்குள் மச்சானின் இதயம்

அன்று எங்கள் தீவின் வடகோடியில், திக்லிபூர் டீக்கடை வாசலில் இருந்தவர்கள் நான்கே பேர்: நான், என் மனைவி செல்வி, அவள் அண்ணனும் என் மச்சானுமான தங்கராசு, அவருடைய கடைக் கூட்டாளி முருகேசன். (இப்போது கேட்டால் பாதி ஊர் தானும் கூட இருந்ததாகச் சொல்கிறது.)

நான் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். தெரியாத எழுத்தைக் கண்டால் எனக்கு வந்த நோட்டீஸ் என்றே தோன்றும். அப்போதுதான் சென்னைக்குப் போய் யாரோ டாக்டரைப் பார்த்துவிட்டு வந்திருந்தார் மச்சான். ஒருநாள் போனில், "மாப்ள, ஹேடோவுக்குக் கப்பல்ல ஒரு பெட்டி வருது. பத்திரமா எடுத்துட்டு வாங்க. என் உசுரே அதுலதான் இருக்கு" என்றார்.

ஹேடோ துறைமுகத்தில் எடுத்த பெட்டியின் மேல் உள்ளங்கை அகலத்தில் இரண்டு சீன எழுத்துகள். முதலாவதில் நடுவே ஒரு குச்சி, இரு பக்கமும் ஒவ்வொரு சொட்டு. அடுத்ததில் கிண்ணம் போல வளைந்த கோடு, சுற்றி மூன்று சொட்டு. எனக்குத் தெரிந்தது எழுத்துக் கூட்டிப் படிப்பதுதான். செல்போன் கேமராவை ஒவ்வொரு எழுத்தாகக் காட்டினேன். முதலாவதற்கு 'சிறிய' என்று வந்தது. அடுத்ததற்கு 'இதயம்'.

சென்னை. டாக்டர். உசுரு. செல்வியிடம் சொன்னதும், "அண்ணன் நம்மகிட்டயே மறைச்சிட்டாரே" என்று அழ ஆரம்பித்தாள். (போனில் கேட்டிருக்கலாம்தான். இதய நோயாளியிடம் எப்படிக் கேட்பது?)

மறுநாள் விடியற்காலை பஸ் ஏறினோம். கண்டக்டர், "பாய், டப்பா நீச்சே ரக்கோ" என்று தரையைக் காட்டினார்.

"நஹீ பாய். அந்தர் தில் ஹை" என்றேன். உள்ளே இதயம் இருக்கிறதென்று.

"கிஸ்கா?"

"மேரா சாலா கா." மனைவியின் அண்ணனுடையது.

அவர் முன் சீட்டில் இருந்தவரை எழுப்பிவிட்டு என்னை உட்கார வைத்தார். திக்லிபூர் வரை பன்னிரண்டு மணி நேரம் பெட்டி என் மடியில்தான். பள்ளம் வந்தபோதெல்லாம் கைகளால் தூக்கிப் பிடித்துக்கொண்டேன்.

மச்சான் புதுக் கடை வாசலில் ஏணிமேல் நின்று தோரணம் கட்டிக்கொண்டிருந்தார். மறுநாள் திறப்பு. செல்வி ஓடிப்போய் அவர் காலைப் பிடித்துக்கொண்டாள். "இறங்குங்கண்ணே. இதயத்தோட விளையாடாதீங்க."

"எந்த இதயம்? நான் சென்னையில கண்ணைத்தானே காட்டினேன்."

நான் பெட்டியை நீட்டினேன். முருகேசன் சிங்கப்பூரில் சீனர் கிடங்கில் பல வருஷம் பெட்டி தூக்கியவர். எட்டிப் பார்த்தார்.

"இதயம்தான். நெஞ்சுக்குள்ள இருக்கிறத வரைஞ்சு வரைஞ்சு எழுத்தாக்கிட்டாங்க. நாம எதுக்கெடுத்தாலும் மனசுன்னு சொல்வோமே, அந்த மாதிரி. சின்ன மனசு, 'சியாவ் சின்'னா, கவனம். மனசைச் சுமந்தா 'தான் சின்', கவலை. இறக்கி வச்சா 'ஃபாங் சின்', கவலைய விடுன்னு அர்த்தம். டீ கிளாஸ் பெட்டியில 'கவனம்'னு போடாம வேற என்ன போடுவான்?"

பன்னிரண்டு மணி நேரத்துப் பாரம் ஒரு நொடியில் விட்டது. இறக்கி வைத்தேன். இடுப்பு உயரத்திலிருந்து, இரண்டு கையையும் ஒரே நேரத்தில் விட்டு.

மறுநாள் வந்தவர்களுக்கெல்லாம் மச்சான் வீட்டு எவர்சில்வர் டம்ளர்களில் டீ கொடுத்தார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. (அதைத்தான் தாங்க முடியவில்லை.)

இன்றும் நான் எதையாவது நினைத்துப் புலம்பினால், "இறக்கி வைங்க, மெதுவா" என்கிறது வீடு. கிளாஸுக்கான பணத்தை நீட்டினால் மச்சான் வாங்குவதில்லை. "இருக்கட்டும் மாப்ள. சுமக்க உங்களுக்கு ஏதாவது வேணுமே" என்கிறார்.

பாக்கி, ஆயிரத்து எண்ணூறு ரூபாய்.