கிலோஹெர்ட்ஸ் குருஜியின் ஓசை சுத்தி

ஜனக்புரி சமுதாயக் கூடத்தில் ஞாயிறானால் கால் வைக்க இடமிருக்காது. வந்தவர் கையிலெல்லாம் பென் டிரைவ். அதில் சுலோகம், கச்சேரி, காலமான மாமனார் கல்யாண வீட்டில் பேசிய பேச்சு. அத்தனையையும் வாங்கித் தன் லேப்டாப்பில் செருகி, அதற்குச் சூடமும் காட்டுவார் பிரபஞ்சநாதர். பக்தர்களுக்குக் கிலோஹெர்ட்ஸ் குருஜி.

"உங்க பாட்டு வெறும் நாற்பத்துநாலு கிலோஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு நாற்பத்துநாலாயிரம் புள்ளியாப் பதிவானது. கலியுக ஓசை. ரீசாம்பிளிங் பண்ணி, புள்ளியைக் கூட்டி, முந்நூத்தி எண்பத்துநாலுக்கு ஏத்தினா தேவலோக ஓசை. காது, மூட்டு, மருமகள் எல்லாம் சரியாயிடும்."

ஏற்றியதில் பாட்டின் கோப்பு பல மடங்கு வீங்கியது. வீங்கியதையெல்லாம் வளர்ச்சி என்று நம்ப நம்மவர்களுக்குச் சொல்லித்தர வேண்டுமா?

வானொலியில் ஒலிப்பதிவு பார்த்து ஓய்வுபெற்ற லீலாவதி சிரித்துவிட்டு விட்டிருப்பார். ஆனால் அவர் கணவர் ராமசுப்ரமணியன், மத்திய அரசில் பெரிய பதவி வகித்தவர், குருஜி பேச்சைக் கேட்டுக் காது மிஷினைக் கழற்றி எறிந்தார். மறுநாளே மெட்ரோ வாசலில் பஸ் ஹார்ன் அவர் காதில் விழவில்லை. காய்கறிக்காரர் காலரைப் பிடித்து இழுத்ததால் பிழைத்தார்.

"பார்த்தியா, குருஜி காப்பாத்திட்டார்" என்றார் வீட்டுக்கு வந்து.

லீலாவதிக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை.

அடுத்த ஞாயிறு கணவரோடு போய் முன்வரிசையில் உட்கார்ந்தார். கூட்டம் கேட்கக் கைகூப்பினார்.

"குருஜி, ஒரே பாட்டை ரெண்டு தடவை போடறேன். எது கலியுகம், எது தேவலோகம்னு திரையைப் பார்க்காம சொல்லணும்."

"அச்சா, அதுக்கென்ன" என்றார் குருஜி. அத்தனை பேர் முன்னால் வேறென்ன சொல்ல முடியும்?

லீலாவதி தன் சால்வையால் குருஜியின் லேப்டாப் திரையை மூடிக்கொண்டு பாட்டைப் போட்டார். குருஜி காதைப் பொத்திக்கொண்டார். "அரே, கலியுகம். ஒரே இரைச்சல்." மூட்டுவலிக்காக வாராவாரம் வரும் அம்புஜம் மாமிக்குத் தலைவலி வந்தது.

மறுபடி போட்டார். குருஜி கண்ணில் தாரை தாரையாக நீர். "தேவலோகம்." மாமி மூட்டுவலி போய் எழுந்தே நின்றுவிட்டார்.

லீலாவதி சால்வையை எடுத்தார். "ரெண்டு தடவையும் போட்டது நீங்க தொடாத பாட்டு. திரையில பாருங்கோ, வேற எதுவும் இல்லை."

"என் பார்வை பட்டு அதுவே உயர்ந்திருக்கும்."

"உயர வழியே இல்லை. உங்க கம்ப்யூட்டர் செட்டிங் நாற்பத்தெட்டுல நிக்கறது. நீங்க எவ்வளவு ஏத்தினாலும் அது நாற்பத்தெட்டுக்கு இறக்கித்தான் ஸ்பீக்கருக்கு அனுப்பும். இங்கே ஒருத்தரும் உங்க தேவலோகத்தைக் கேட்டதே இல்லை. அப்படியே கேட்டாலும், பதிவுபண்ணும்போது இல்லாத ஓசை பின்னால எங்கேர்ந்து வரும்? ரசத்துல தண்ணி ஊத்தினா பாத்திரம்தான் நிறையும்."

"ஏக் மினிட், இன்வெர்ட்டரைப் பார்த்துட்டு வரேன்" என்று பின்வாசல் வழியே போன குருஜி ஆட்டோவில் ஏறியதைத்தான் பார்த்தார்கள். அம்புஜம் மாமி மூட்டைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார்.

"என்ன சொன்னார்?" என்றார் இத்தனையில் ஒன்றும் காதில் விழாத ராமசுப்ரமணியன். லீலாவதி கைப்பையிலிருந்து மிஷினை எடுத்து அவர் காதில் மாட்டினார்.

"இப்போ கேக்கறதா?"

"கேக்கறது. எதுக்கு இப்படிக் கத்தறே?"

இந்த வாரம் அதே கூடத்தில் ஒருவர் தண்ணீருக்கு வைஃபை ஏற்றித் தருகிறாராம். வரிசை வாசல் தாண்டிவிட்டது. எதை வேண்டுமானாலும் ஏற்றிக்கொள்ளுங்கள். கொஞ்சம் யோசனையை மட்டும் வேறு யாரும் ஏற்றித்தர மாட்டார்கள், அதை நீங்களேதான் செய்துகொள்ள வேண்டும்.