சேலை தின்ற படகுச் சீட்டு

உட்காருவதில் எனக்கு இருந்த தலைக்கனம் ஊரில் வேறு யாருக்கும் இருந்திருக்காது. கோலம், சமையல், பாட்டு என்று ஆளுக்கு ஒன்றில் பெருமை. எனக்கு உட்காருகிற சீட்டில். திண்டுக்கல்லில் எங்களுக்கு லாரி, பஸ்களுக்குச் சீட்டு கட்டும் கடை. ரெக்சின் உறை தைப்பது நான். ஏறுகிற பஸ்ஸில் எல்லாம் சீட்டை அமுக்கிப் பார்த்து, "எவன் கட்டுனது இது, வைக்கோல வச்சுத் தச்சுருக்கான்" என்று கண்டக்டர் காதில் விழச் சொல்லுவேன். (கண்டக்டருக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? ஒண்ணுமில்ல. சும்மாதான்.)

அந்தத் தலைக்கனத்தைக் கடல் ஒரே காலையில் இறக்கிவிட்டது.

தூத்துக்குடிப் பக்கமிருந்து ஒரு படகுக்கார அண்ணாச்சி கடைக்கு வந்தார். சுற்றுலா வருகிறவர்களை வேகப் படகில் ஏற்றித் தீவைச் சுற்றிக் காட்டுவது அவர் தொழில். அலையில் படகு தூக்கித் தூக்கிப் போடுவதால் பலகையில் உட்கார்ந்தவர்கள் இறங்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறார்களாம்.

"லாரி டிரைவருக்கு ஸ்பிரிங் வச்சுக் கட்டுதீயளே, அத மாதிரி போட்டுக்கு ஒண்ணு கட்டிக் கொண்டாங்க. புடிச்சிருந்தா எல்லாப் போட்டுக்கும் ஒங்க சீட்டுதான்" என்றார்.

அப்போது கடையில் வேலை படுத்துக் கிடந்தது. இந்த ஆர்டரும் கிடைக்காவிட்டால் கடையைச் சாத்திவிட்டு ஸ்பின்னிங் மில்லுக்கு வேலைக்குப் போவதாக என் மகன் முருகேசன் சொல்லிக்கொண்டிருந்தான்.

அவன் போனில் தேடினான். அதில் இரும்புத் தொப்பி போட்ட வெள்ளைக்காரர்கள் குதிரையில் உட்கார்ந்த மாதிரி, இரண்டு பக்கமும் காலைப் போட்டு, அலை மேல் பறக்கிறார்கள். சீட்டுக்கு அடியில் ஷாக்கப்சர். அலை அடிக்கிற அடியை அது வாங்கிக்கொள்ளும், இடுப்புக்கு வராது. அப்படியே பார்த்து ஒன்று செய்தான். உறை தைத்தவள் நான்தான். குதிரை முதுகு மாதிரி இம்புட்டு ஒடுக்கமா இருக்கே, இதில் ஏறப் போவது யார் என்று யோசித்தேனா? தையல் நேராக வந்திருக்கிறதா என்று மட்டும்தான் பார்த்தேன்.

வேனில் ஏற்றிக்கொண்டு போனோம். நல்ல காற்றுக் காலம். கரையில் அண்ணாச்சி வெள்ளைச் சட்டையில் நின்றார். பக்கத்தில் அவர் மனைவி ரோஸ்மேரி. சீட்டைப் படகில் பொருத்தியதும், "யாராவது உக்காந்து காட்டுங்க" என்றார். முருகேசன் ஒரு காலை எடுத்து வைத்தான்.

"நீ செத்த ஒதுங்கு" என்றேன். "நீ உக்காந்தா, வயசுப் பய தாங்குறான்னு சொல்லிப்புடுவாக. நான் உக்காந்து காட்டுறேன்."

"அம்மா, வேணாம்மா."

"ஏலே, நான் தச்ச சீட்டுல நான் உக்காரக் கூடாதா?" அதோடு விட்டேனா? ரோஸ்மேரியிடம் திரும்பி, "ஒரு டம்ளர் காப்பி குடு தாயி. குடிக்க இல்ல, கையில வச்சுக்கிட. ஒரு சொட்டு சிந்துனாலும் சீட்டத் திருப்பிக் குடுத்துருங்க" என்றேன்.

(கடலை நான் பார்த்ததே அன்றைக்குத்தான். எங்க பக்கம் குளத்துலயே தண்ணி கெடையாது.)

முருகேசன் காதோரம் வந்து, "ரெண்டு பக்கமும் காலப் போட்டு, மிதிகட்டையில ஊனி உக்காரணும்மா" என்றான்.

"சேலையக் கட்டிக்கிட்டு, நாலு பேரு முன்னாடி காலப் பரத்தச் சொல்றியாக்கும்?"

மொபெட்டுக்குப் பின்னால் உட்காருவது போல இரண்டு காலையும் ஒரே பக்கம் தொங்கவிட்டு உட்கார்ந்தேன். ஒரு கையில் கம்பி, ஒரு கையில் காப்பி. அண்ணாச்சியும் ரோஸ்மேரியும் முருகேசனும் பலகையில் ஏறிக்கொள்ள, படகோட்டி படகை எடுத்தார்.

கரைக்குப் பக்கத்தில் அலை சின்னது. சீட்டு மெல்ல இறங்கி மெல்ல ஏறியது. தொட்டில் கெட்டது போங்கள். பலகையில் அண்ணாச்சி துள்ளுகிறார், நான் மகாராணி மாதிரி இருக்கிறேன்.

"பாத்தீகளா அண்ணாச்சி?"

"அசத்திட்டீய ஆச்சி!"

அங்கேயே திரும்பியிருந்தால் எழுத ஒன்றும் இருந்திருக்காது. "இன்னும் செத்த உள்ள விடுங்கப்பா" என்று படகோட்டியிடம் சொன்னவள் சாட்சாத் நானேதான்.

பெரிய அலை வந்தது. சீட்டு அதன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. அடி வரைக்கும் அமுங்கியது, மறுபடி எழும்பியது. நான்தான் கூட எழும்பவில்லை. காப்பி அண்ணாச்சியின் வெள்ளைச் சட்டைக்குப் போனது. நான் மாவு மூட்டை மாதிரி ரோஸ்மேரி மடிக்குப் போனேன். "ஏசுவே!" என்று அந்தப் பெண் அலறியது எனக்காகவா, தன் தொடைக்காகவா தெரியவில்லை.

அதோடு முடிந்ததா? என் சுங்குடிச் சேலையின் ஓரம் ஸ்பிரிங்கில் மாட்டிக்கொண்டது. சீட்டு ஒவ்வொரு தடவை அமுங்கி எழும்பும்போதும் சேலையைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இழுத்தது. அலைக்கு ஒரு சாண். நான் இடுப்பில் பிடித்துக்கொண்டு கத்துகிறேன். முருகேசன் அந்தப் பக்கம் இழுக்கிறான். அண்ணாச்சி நல்ல மனுசன், சட்டென்று கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். படகோட்டியும் நல்ல மனுசன். அவர் கண்ணையே இறுக மூடிக்கொண்டார்.

"ஏல, கண்ணத் தொறல! போட்டு பாறையப் பாத்துப் போவுது!"

"ஆச்சி சேலை, மொதலாளி..."

"முன்னாடி பாருல! ஒன்னைய யாரு பின்னாடி பாக்கச் சொன்னா?"

ரோஸ்மேரிதான் மீன் வெட்டுகிற கத்தியை எடுத்து ஒரே இழுப்பில் சேலையை அறுத்தாள். பாதி எனக்கு, பாதி சீட்டுக்கு.

அவர்கள் வீட்டில் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு நைட்டி கொடுத்தார்கள். (மருமகள் நைட்டியோட வாசலுக்குப் போய்ப் பால் வாங்குனாலே ஒரு வாரம் பேசுறவ நான். அன்னைக்கு வாயத் தொறக்கல.)

மேலே ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு வெளியே வந்தால், ரோஸ்மேரி முருகேசனிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"சீட்டு அருமைதான் தம்பி. ஆனா எங்க போட்டுல ஏறுறதுல பாதிக்கு மேல பொம்பளைய. அவியள நாங்க குதிரையிலயா ஏத்த முடியும்? வேண்டாம்."

முருகேசன் முகம் செத்துப்போனது. மில்லுக்குப் போய்விட்டான் என்றே நினைத்தேன். நைட்டியில் நிற்கிறோம் என்பதும் மறந்துபோய் வாய் திறந்துவிட்டது.

"ஏலே, பேண்ட்டுப் போட்டவனுக்கு மட்டுந்தான் இடுப்பு இருக்கா? பொம்பள எப்பிடி உக்காருவான்னு யோசிக்க மாட்டியா?"

"நீதானம்மா தச்ச?"

"தைக்கச் சொன்னவன் நீ." நான் விடுவேனா? "நாற்காலி மாதிரி அகலமா கட்டு. ரெண்டு பக்கமும் கை வையி. ஸ்பிரிங்கச் சுத்தி ரெக்சின்ல ஒரு பாவாடை கட்டு. எனக்குத்தான் மானம் போச்சு, அதுக்காவது இருக்கட்டும்."

காப்பிச் சட்டையோடு அண்ணாச்சி சிரித்தார். "அதக் கட்டிக் கொண்டாங்க ஆச்சி, பாப்போம்."

கட்டிக்கொண்டு போனோம். அந்தத் தடவை உட்கார்ந்து பார்த்தது ரோஸ்மேரி. நான் கரையை விட்டு அசையவில்லை. எல்லாப் படகுக்கும் ஆர்டர் கிடைத்தது. அதைப் பார்த்து வேறு படகுக்காரர்களும் கேட்டு வருகிறார்கள்.

சீட்டு தின்ற பாதிச் சேலையை முருகேசன் துவைத்துக் கடையில் ஆணியில் மாட்டியிருக்கிறான். எந்தச் சீட்டும் வண்டி ஏறும் முன்னால், அந்தச் சேலையை மேலே சுற்றிவிட்டு, சீட்டை அமுக்கி அமுக்கிப் பார்ப்பார்கள். மாட்டினால் திரும்பப் பிரிக்க வேண்டியதுதான். கடையில் அதற்குப் பெயர் 'அம்மாவ விட்டுப் பாக்குறது'.

போன வாரம் ஒரு புதுப் படகுக்காரர், சீட்டு ரெடியா என்று போனில் கேட்டார்.

"ரெடிதாங்க. அம்மாவ விட்டுப் பாத்துட்டு நாளைக்கு ஏத்தி விட்டுர்றோம்" என்றான் முருகேசன்.

"அவசரமே இல்ல தம்பி, மொதல்ல அம்மாவப் பத்திரமா கொண்டுபோய் விட்டுட்டு வாங்க" என்றார் அந்த அப்பாவி.

கடையே சிரித்தது. நான் போனைப் பிடுங்கினேன்.

"என்னைய விடுறது இருக்கட்டும் தம்பி. ஒங்க போட்டுல பொம்பளைக ஏறுவாகளா, மாட்டாகளா? அதச் சொல்லுங்க மொதல்ல."